அழாத குழந்தையெல்லாம் தேறிய குழந்தை அல்ல

நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே தாய் தங்குவது நம் வார்டுகளில் சாதாரணக் காட்சி. லண்டன் மருத்துவமனைகளோ, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பெற்றோரின் வருகையைச் சிகிச்சைக்கு இடையூறாகவே கருதின. 1949-இல் கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 மணி வரைதான் குழந்தையைப் பார்க்கலாம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுக்க அனுமதியே இல்லை, மாலை 7 முதல் 8 மணிக்குள் தூங்கும் குழந்தையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இதைக் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் தொற்றுப் பயம் நியாயமானதே. ஆனால் பென்சிலின் வந்த பிறகும் விதி மாறாததற்குக் காரணம் வேறு: தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சில நாட்களில் அடங்கிவிடுகிறது; அப்படி அடங்குவதையே 'பழகிவிட்டது' என்று செவிலியர்களும் மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

லண்டனின் டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் இந்த அமைதியைத்தான் சந்தேகித்தார். குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது, பிறகு மனமுடைந்து ஒடுங்குகிறது, கடைசியில் தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என மூன்று நிலைகளை அவர் பிரித்துக் காட்டினார். சொன்னதை மருத்துவர்கள் நம்பாததால், குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு வந்த இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியின் எட்டு நாட்களை, பொறுக்கி எடுத்த காட்சிகள் என்று யாரும் சொல்லிவிடாதபடி சுவர்க் கடிகாரமும் தெரிய, படம்பிடித்தார். 1952-இல் அது திரையிடப்பட்டபோது மருத்துவர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள் (எங்கள் தொழிலுக்கே உரிய கோபம் அது). 1959-இல் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடன் தாயும் தங்கலாம் எனப் பரிந்துரைத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பெற்றோரே சங்கம் சேர்த்துப் போராட வேண்டியிருந்தது.

தாய் உடனிருக்கும் நம் ஊரிலும், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்குப் பின்னால் அந்தப் பழைய எண்ணம் உயிரோடுதான் இருக்கிறது. "சமத்தா இருக்கான் டாக்டர், இப்பல்லாம் ஊசி போட்டாகூட அழறதில்லை" என்று பெற்றோர் நிம்மதியாகச் சொல்லும்போது, நான் ஊசி ஏறிய கையைப் பார்ப்பதைவிட, குழந்தையின் கண் அம்மாவைத் தேடுகிறதா, பொம்மையை நீட்டினால் கை நீள்கிறதா என்றே பார்க்கிறேன். ஊசிக்கு அழுது, அம்மாவின் தோளில் அடங்கும் குழந்தையைப் பற்றி எனக்குக் கவலை குறைவு.

ஆகவே, உள்ளே இருக்க எவ்வளவு நேரம் அனுமதி உண்டு என்று தயங்காமல் கேளுங்கள். வெளியே போகும்போது, தூங்கும் நேரம் பார்த்து நழுவாமல், 'சாப்பிட்டுவிட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வாருங்கள். வீடு திரும்பிய பின் சில வாரங்களுக்குக் குழந்தை முந்தானையை விடாமல் ஒட்டிக்கொள்ளலாம், நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் மீண்டும் வரலாம். அதற்காகத் திட்டாதீர்கள், அதற்கு மேலும் நீடித்தால், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது காய்ச்சலையும் எடையையும் சொல்வதுபோல இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.