பிக்சல்: படப்புள்ளியா, படவணுவா?

மானிட்டரின் விவரத்தாளில் 1920×1080 என்று போட்டிருந்தால், அகலவாக்கில் 1,920, உயரவாக்கில் 1,080, மொத்தம் 20,73,600 பிக்சல்கள், அதாவது படத்தை ஆக்கும் மிகச் சிறிய கட்டங்கள். இந்தப் பிக்சலுக்குத் தமிழில் படப்புள்ளி, படத்துணுக்கு, படவணு என்று பல பெயர்கள் புழங்குகின்றன. ஏதோ ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று விடமுடியவில்லை. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதற்கேற்ப விவரத்தாளைப் படிக்கும் விதமும் மாறிவிடுகிறது.

முதலில் பிறப்பு. ஆங்கிலத்தில் படங்களைக் குறிக்கும் 'பிக்சர்ஸ்' என்ற சொல் பேச்சில் 'பிக்ஸ்' என்று சுருங்கியது. அமெரிக்கத் திரையுலக இதழான வெரைட்டியின் தலைப்புகளில் 1932-லேயே அது இருக்கிறது. அதனுடன், கூறு எனப் பொருள்படும் 'எலிமெண்ட்' என்பதன் முதல் அசை 'எல்' ஒட்டிக்கொண்டதுதான் பிக்சல். அச்சில் இது ஏறியது 1965-ல். நாசாவுக்காக இயங்கும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் விண்கலப் படங்களைச் சீரமைத்துவந்த ஃபிரெட் பில்லிங்ஸ்லி தம் கட்டுரைகளில் எழுதினார். அவரும் தாமே ஆக்கிய சொல் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வேலைபார்த்த கீத் மெக்ஃபார்லண்ட் வாயிலிருந்து கேட்டது என்றார்.

அதே 1965-ல் நாசாவின் மரைனர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்தபோது எடுத்த ஒவ்வொரு படமும் 200×200 பிக்சல், பிக்சலுக்கு 6 பிட். அதாவது 2,40,000 பிட். அவை நொடிக்கு 8.33 பிட் வீதம் பூமிக்கு வந்தன. ஒரு படம் வந்துசேர எட்டு மணி நேரம். ஒவ்வொரு பிக்சலையும் எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தவர்களுக்குச் சுருக்கமான ஒரு பெயர் தேவைப்பட்டதில் வியப்பில்லை. பொருள் என்னவோ சொல்லுக்கும் மூத்தது. 1957-ல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் நிழற்படத்தைக் கணினிக்குள் ஏற்றியபோது அது 176×176 கட்டங்களாகப் பிரிந்தது. அப்போது அந்தக் கட்டத்துக்கு இந்தப் பெயர் இல்லை.

இனித் தமிழ்ச் சொற்கள். படப்புள்ளி என்பது கேட்டவுடன் புரியும். ஜெர்மானியரும் 'பில்ட்புங்ட்' என்றுதான் சொல்கிறார்கள். 'பில்ட்' படம், 'புங்ட்' புள்ளி. ஆனால் கணினித் துறையில் புள்ளிக்கு வேறொரு வேலை ஏற்கெனவே இருக்கிறது. அச்சுப்பொறி அங்குலத்துக்கு இத்தனை 'டாட்' என்கிறதே, அந்த மைத்துளிதான் புள்ளி. கேமராவின் பின்பக்கத் திரையையும் டாட் கணக்கில்தான் விற்கிறார்கள். '10.4 லட்சம் டாட்' என்று போட்டிருக்கும் திரையில் உண்மையில் இருப்பது 720×480 பிக்சல், அதாவது 3,45,600. ஒவ்வொன்றிலும் உள்ள சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே எண்ணி மூன்று மடங்காக்கிய கணக்கு அது. இரண்டையும் புள்ளி என்று மொழிபெயர்த்தால் இந்த மூன்று மடங்கு வேறுபாடு தமிழில் காணாமலே போய்விடும். படக்கூறு என்றால் மூலத்துக்கு நேர்தான், ஆனால் படத்தின் ஓர் அம்சம் என்றும் பொருள்படும். துணுக்கு என்றால் கிழிந்த துண்டு நினைவுக்கு வருகிறது.

எனவே படவணு. படம் என்பதன் மகரம் கெட்டு, அணுவோடு சேரும்போது வகர உடம்படுமெய் வந்தது. மரம், அடி சேர்ந்து மரவடி ஆவதைப் போல. பொருளும் பொருந்துகிறது. நிரலின் கண்ணுக்குப் படத்தின் மிகச் சிறிய அலகு இது. ஆனால் திரையை உருப்பெருக்கியால் பார்த்தால் உள்ளே மூன்று நிறக் கீற்றுகள் தெரியும். அணுவுக்குள்ளும் துகள்கள் உண்டல்லவா? அந்தக் கீற்றைத் துணைப்படவணு என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. சில ஓலெட் திரைகளில் ஒரு படவணுவுக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு துணைப்படவணுக்களே இருக்கும். அங்கே 1920×1080 என்றால் 62,20,800 கீற்றுகள் அல்ல, 41,47,200 தான். எழுத்தின் ஓரங்களில் நிறம் கசிவதுபோலத் தெரிவதற்கு இந்த அடுக்குமுறையும் ஒரு காரணம்.

படவணுவுக்கு நிலையான அளவு கிடையாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். கடையில் 'ஃபுல் எச்டி' என்று கேட்டு வாங்குகிறோம், 15.6 அங்குல மடிக்கணினியிலும் 27 அங்குல மானிட்டரிலும் இருப்பது அதே 20,73,600 தான். கடைக்காரர் 'ரெசல்யூஷன்' என்பது இந்த எண்ணிக்கையை. இயற்பியல் பாடநூலில் பிரிதிறன் என்பது நெருங்கிய இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன். எண்ணிக்கை அதைச் சொல்லாது. அங்குலத்துக்கு எத்தனை என்ற அடர்த்திதான் சொல்லும். கணக்கு எளிது: அகலத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, மூலைவிட்ட அங்குலத்தால் வகுக்கவேண்டும். 1920×1080-க்கு வர்க்கமூலம் 2,203. 15.6 அங்குலத்தில் அடர்த்தி 141, 24-ல் 92, 27-ல் வெறும் 82. அதே 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 109, 3840×2160 என்றால் 163.

60 செ.மீ. தூரத்தில் நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய இடைவெளி ஏறத்தாழ 0.17 மி.மீ.; அதாவது அங்குலத்துக்கு 145 அளவு. 82 என்றால் ஒரு படவணுவின் அகலம் 0.31 மி.மீ., கண்ணுக்கே தெரியும். தமிழில் படிப்பவர்களுக்கு இது கூடுதலாக உறைக்கும். ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. எழுத்தின் உயரம் பன்னிரண்டு படவணுவாகச் சுருங்கும்போது சுழியின் உள்வெளிக்கு ஒரே ஒரு படவணு மிஞ்சும், சில எழுத்துருவில் அதுவும் மிஞ்சாது. ண் எது ன் எது என்று சொல்லைப் பார்த்து ஊகிக்கவேண்டியதுதான். மெய்யின் மேலிருக்கும் புள்ளியோ ஒற்றைப் படவணுவாகி மங்கிவிடும். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்பவர் 27 அங்குலத்தில் 1920×1080-ஐ வாங்கவே கூடாது. 24 அங்குலத்தில் அது சமாளிக்கும். 27 வேண்டுமென்றால் குறைந்தது 2560×1440.

எண்ணிக்கை கூடினால் மற்ற உறுப்புகளும் ஈடுகொடுக்கவேண்டும். படவணு ஒன்றுக்கு நினைவகத்தில் 4 பைட். 3840×2160 திரையின் ஒரு சட்டம் (ஃபிரேம்) 3,31,77,600 பைட், ஏறத்தாழ 33 எம்பி. நொடிக்கு 60 முறை படிக்க 2 ஜிபி ஓட்டம். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இது ராமிலிருந்தே போகிறது. ஒற்றை டிடிஆர்4-3200 ராமின் உச்ச வேகம் நொடிக்கு 25.6 ஜிபி, காட்டுவதற்கு மட்டும் அது தாராளம். ஆனால் சட்டத்தை வரைவதற்கும் அதே வழிதான், பிராசசரும் அதையே பயன்படுத்துகிறது. அதனால் 16 ஜிபி ஒற்றையாகப் போடுவதைவிட இரண்டு 8 ஜிபியாகப் போடுவது நல்லது, இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கமுடிவதால் வழி இரட்டிக்கும். போர்ட்டையும் பாருங்கள்: எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள பழைய கணினியில் 3840×2160 நொடிக்கு 30 சட்டத்தோடு நின்றுவிடும், மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும்.

திரையின் சொந்த எண்ணிக்கையைக் குறைத்து வைப்பதும் தவறு. 2560×1440 திரையில் 1920×1080 வைத்தால் ஒரு படவணு அகலத்திலும் உயரத்திலும் 1.33 படவணுவில் பரவவேண்டும். முழுதாக உட்காராததால் எழுத்து கலங்கும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் எண்ணிக்கையைத் தொடாமல் அமைப்பில் 'ஸ்கேலிங்'கை 125 அல்லது 150 சதவீதம் ஆக்கவேண்டும்.

புதுத் திரை வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் ஒவ்வொரு நிறமாக வைத்துப் பாருங்கள். 'டெட் பிக்சல்' கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். டிரான்சிஸ்டர் செத்து மின்னழுத்தம் போகாவிட்டால், ஐபிஎஸ் வகை எல்சிடி திரையில் அந்த இடம் ஒளியை அடைத்து இருண்டிருக்கும். பழைய டிஎன் வகையில் ஒளியை விட்டுவிடுவதால் எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். வெள்ளைப் பின்னணியில் மட்டும் பார்த்தால் இரண்டாவது கண்ணில் படாது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றில் மட்டும் குறை தெரிந்தால் கெட்டது முழுப் படவணு அல்ல, துணைப்படவணு. உத்தரவாதத்தில் பல நிறுவனங்கள் இந்த இரண்டுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கின்றன, புகார் எழுதும்போது எது என்று குறிப்பிடவேண்டும்.