கல்லோட கலரை கடைசியா பாருங்க

வாட்ஸ்அப்ல கல்லு போட்டோ அனுப்பி இது என்ன கல்லுன்னு கேக்குறவங்க முக்காவாசி பேர் பாலிஷ் போட்ட ஸ்லாப்பத்தான் அனுப்புறீங்க. கூடவே கருப்பா இருக்கு சார், பசால்ட்டான்னு (லாவா ஆறி உறைஞ்ச கருப்புக் கல்லு) ஒரு கேள்வி. தயவுசெஞ்சு கலரை கடைசியா வச்சுக்கோங்க, முதல்ல பாக்க வேண்டியது மணி, அதாவது கல்லுக்குள்ள இருக்குற ஒவ்வொரு படிகத் துணுக்கும், எவ்ளோ பெருசுங்கறதைத்தான்.

மாக்மா, அதாவது பூமிக்குள்ள உருகிக் கெடக்குற பாறைக்குழம்பு, பல கிலோமீட்டர் ஆழத்துல தேங்கி நின்னு, வெளிய வராமலே ரொம்ப மெதுவா ஆறுனா படிகம் வளர நேரம் கிடைக்கும், அதான் கிரானைட்ல குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமங்க தனித்தனியா வெறும் கண்ணுலயே தெரியுது. அதுவே லாவாவா மேல வந்துட்டா சீக்கிரம் ஆறிடும், மணி கண்ணுக்கே தெரியாது. மகாராஷ்டிரால சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி கொட்டுன டெக்கான் பசால்ட்ல காத்துக்குமிழி ஓட்டையும், அதுக்குள்ள வெள்ளையா ஜியோலைட்ங்கற கனிமம் ரொம்பி இருக்கறதும் பாக்கலாம். ஆழத்துல உறைஞ்ச கிரானைட்ல அந்த மாதிரி குமிழி ஓட்டை எதிர்பார்க்காதீங்க, மேல இருக்குற பாறையோட எடை அமுக்குறதால குமிழி விரிய முடியாது.

குழப்பம் வர்றது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கல்லுலதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய பாறையோட வெடிப்புல மாக்மா ஏறி சுவர் மாதிரி உறைஞ்ச டைக் நிறைய இருக்கு, அந்தக் கருப்புக் கல்லு பேரு டோலரைட், கடையில பிளாக் கிரானைட்னு விக்கிறதுல நிறைய இந்த வகைதான். அந்த மாதிரி ஒரு டைக்கை குறுக்க நடந்து பாருங்க. நடுவுல உடைச்ச துண்டை தண்ணி ஊத்தி லென்ஸ்ல பாத்தா கருப்புக்குள்ள ஃபெல்ட்ஸ்பார் சேமியா துண்டு மாதிரி குறுக்கும் நெடுக்கும் கெடக்கும், ஓரத்துக்கு வர வர மணி சின்னதாகிட்டே போய் பழைய பாறையை தொடுற இடத்துல ஒண்ணுமே தெரியாது, ஏன்னா அங்க மாக்மாவோட சூடு, ஏற்கனவே குளிர்ந்திருந்த பழைய பாறைக்குள்ள போயி சட்டுனு உறைஞ்சிருச்சு. எது அப்புறமா வந்த பாறைங்கறதையும் அந்த ஓரமே சொல்லிடும். ஆனா ஓரத்துத் துண்டை மட்டும் பொறுக்கிட்டு வந்தா நல்லா படிச்சவங்களே பசால்ட்னு எழுதிடுவாங்க!

மணி பெருசா இருந்தா மட்டும் போதும்னும் இல்ல. பல்லாவரத்து சார்னோகைட் நல்லா மணி தெரியுற, எண்ணெய் தடவுன மாதிரி மினுக்குற கல்லு, 1893ல ஹாலண்ட்ங்கற புவியியலாளர் அதுக்குப் பேர் வச்சார். அது நேரா மாக்மாலேர்ந்து வந்ததா, இல்ல ஆழத்துல அதிக சூட்டுல உருமாறுனதான்னு நூறு வருஷத்துக்கு மேல வாதம் நடந்துச்சு, இப்பவும் அதை வெறும் அக்னிப்பாறைன்னு (மாக்மா உறைஞ்சு வந்த பாறை) சொல்லி நான் முடிக்க மாட்டேன்.

அதனால இனிமே கல்லு அனுப்புனா புதுசா உடைச்ச முகம், பக்கத்துப் பாறையோட சேர்ற இடம், அளவுக்கு பக்கத்துல ஒரு பேனா, இது மூணும் போட்டோல வரணும். எடுத்த இடத்தோட லொகேஷனும் போடுங்க. ரோட்டோரத்து ஜல்லிக் குவியல்ல எடுத்ததா இருந்தா அதையும் சொல்லிடுங்க, அது எந்த குவாரிலேர்ந்து லாரில வந்துச்சோ.