கீமோ காலத்துக் களைப்பும் உடலசைவும்

புற்றுநோய்க்கான கீமோதெரபி மருந்து ஏறிய பின் வரும் களைப்பு, உழைத்து வரும் களைப்பைப் போன்றதன்று. இரவு முழுவதும் உறங்கி எழுந்தாலும் அது அப்படியே இருக்கும். குளித்து உடை மாற்றுவதுகூட மலைப்பாகத் தோன்றும். 'நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள்' என்று சுற்றியிருப்பவர்கள் அன்போடு சொல்லும் யோசனை இங்கே பாதிதான் சரி.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுச் செல்களோடு எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், முடியின் வேர் ஆகியவற்றின் செல்களும் அடிபடுகின்றன. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், மஜ்ஜையில் உற்பத்தி குறைந்தாலும் இரத்தசோகை உடனே தெரிவதில்லை; மருந்து ஏற்றும் சுற்றுக்குச் சுற்று மெல்லச் சேர்கிறது. அழற்சியைத் தூண்டும் புரதங்கள் மூளையை எட்டி மந்தத்தை உண்டாக்குகின்றன. வாந்தியும் பசியின்மையும் தசையைக் கரைக்கின்றன.

இவற்றுக்கு மேல் படுக்கையும் சேரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. அசையாத தசையில் புரத உற்பத்தி குறைகிறது, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் குறைகின்றன, ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவும் சுருங்குகிறது. உடலின் மொத்தத் திறன் இப்படிச் சரிந்த பிறகு, முன்பு அதில் சிறு பங்கை மட்டும் கேட்ட மாடிப்படி இப்போது பெரும்பங்கைக் கேட்கிறது. ஆகவே மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்குவதால் நோயாளி மீண்டும் படுக்கிறார். அளவான உடற்பயிற்சி அறுப்பது இந்த வளையத்தைத்தான். சுருங்கி விரியும் தசை, அழற்சியைத் தணிக்கும் பொருட்களையும் இரத்தத்தில் சேர்க்கிறது.

2019இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் வழிகாட்டுதல், வாரம் மூன்று முறை 30 நிமிட மிதமான நடை போன்ற பயிற்சியையும், இரண்டு முறை தசை வலுவூட்டும் பயிற்சியையும் அளவாகச் சொல்கிறது. மிதமானது என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. 30 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்து நடக்கலாம்.

ஆனால் எல்லா நாளும் ஒரே நாளல்ல. 21 நாள் சுற்றில், மருந்து ஏறிய முதல் சில நாட்களில் குமட்டல் மிகுந்திருக்கும். அப்போது அறைக்குள் சில நிமிட நடையும், நாற்காலியிலிருந்து கைபிடிக்காமல் பத்து முறை எழுந்து அமர்வதும் போதும். பல மருந்துகளில் 7 முதல் 14ஆம் நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன; கூட்டமான உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் குளமும் அந்த நாட்களுக்கு ஆகா. மூன்றாம் வாரத்தில் அணுக்கள் மீளும்போது பயிற்சியைக் கூட்டலாம்.

மருந்தின் தன்மையும் கணக்கில் வர வேண்டும். பாக்லிடாக்செல், வின்கிரிஸ்டின் போன்றவை நரம்பு நுனிகளைப் பாதித்துப் பாதத்தை மரத்துப்போகச் செய்வதால், தரை காலுக்குச் சரியாகத் தெரியாது. இவற்றைப் பெறுபவர்களுக்கு ஓட்டத்தைவிட, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் பத்திரமானது. டாக்ஸோரூபிசின் இதயத்தசையைப் பலவீனப்படுத்தக்கூடும். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால் எடை தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். எலும்புக்குப் புற்று பரவியவர்களுக்குப் பயிற்சியை மருத்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் சேர்ந்துதான் வகுக்க வேண்டும்.

பயிற்சியே புற்றை விரட்டுமா என்ற கேள்வி தனி. 2025இல் வெளியான ஆய்வொன்றில், பெருங்குடல் புற்றுக்குக் கீமோ முடித்த 889 பேரில், மூன்றாண்டு வழிகாட்டப்பட்ட பயிற்சி பெற்றவர்களில் 80.3 சதவீதத்தினரும் மற்றவர்களில் 73.9 சதவீதத்தினரும் ஐந்தாண்டுகள் நோயின்றி இருந்தனர். அது கீமோவுக்குப் பிந்தைய காலத்தின் கணக்கு. மருந்து ஏறும் மாதங்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அந்த மாதங்களில் பயிற்சியால் உறுதியாகக் கிடைப்பவை குறைந்த களைப்பும் கரையாத தசையும்தான். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நடையை நிறுத்திவிட்டு, நேரம் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.