கன்னபினொயிட்டு: 'கஞ்சா மருந்து' அல்ல

"பிரசருக்குக் கஞ்சா மருந்து", "இதயத்தைக் காக்கும் கஞ்சாச் சத்து" என்று செய்தித் துணுக்குகள் வட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகின்றன. மட்டக்களப்பில் கிளினிக் வாங்கில், கொப்பியை மடியில் வைத்திருந்த ஒரு பெரியம்மா, "மனே, கஞ்சா மருந்து பிரசரைக் குறைக்குமாமே, இஞ்ச தரமாட்டாங்களா?" என்று கேட்கும் அளவுக்கு. அவவில் பிழையில்லை, 'கன்னபினொயிட்டு' என்ற ஆங்கிலச் சொல்லை இப்படி மொழிபெயர்த்தவரில்தான் பிழை.

சொல்லின் வேர் சின்னது. கிரேக்கத்தில் 'கன்னபிஸ்' என்றால் கஞ்சாச் செடி. 'ஒயிட்' என்ற ஈறு 'போன்றது' என்று பொருள்தரும். நம்முடைய 'கஞ்சா' சமஸ்கிருத வழி வந்தது.

'போன்றது' என்ற அந்த ஈற்றைத்தான் 'கஞ்சாச் சத்து' விழுங்கிவிடுகிறது. கன்னபினொயிட்டு என்று இந்தப் பொருள்களை ஒரே பெயரில் சேர்த்துக் கட்டுவது செடி மட்டுமல்ல, அவை வந்து பொருந்தும் இடங்களான, உடலிலுள்ள சிபி1, சிபி2 என்ற வாங்கிகளும்தான். அவற்றில் பொருந்துவதை நம் உடலே சுரக்கிறது. 1992இல் கண்டறிந்த ஒன்றுக்கு 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அனந்தமைட்டு என்று பெயரிட்டார்கள். உயர் குருதி அமுக்கமுள்ள எலிகளில் அது அமுக்கத்தைக் குறைத்தது. இதையும் கஞ்சாச் சத்து என்பதா? அப்படியானால் எல்லாருடைய மூளையிலும் கஞ்சா விளைகிறது என்று பொலிசுக்குச் சொல்லலாம்.

இன்னும் மோசம் ரிமொனபன்ட். அது சிபி1 வாங்கியைத் தடுக்கும் மருந்து, கஞ்சாவின் வேலைக்கு நேர் எதிர். உடற்பருமனுக்கு ஐரோப்பாவில் விற்றார்கள், மனச்சோர்வு வருகிறதென்று 2008இல் நிறுத்தினார்கள். அதுவும் 'கஞ்சா மருந்து' ஆகிவிட்டால் அர்த்தம் தலைகீழ்.

செடிக்குள்ளேயே ஒற்றுமையில்லை. போதை தரும் ரி.எச்.சி. என்ற பொருள் இதயத்துடிப்பை விரைவாக்கும், எழுந்து நின்றால் அமுக்கம் இறங்கித் தலைசுற்றவும் வைக்கும். அதே செடியிலுள்ள, போதை தராத கன்னபிடையோலை 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 600 மில்லிகிராம் ஒரேதரம் கொடுத்தபோது, ஓய்விலிருந்த ஆண்களின் மேல் அமுக்கம் சராசரி 6 மில்லிமீற்றர் இறங்கியது. நோயில்லாத 9 பேர்தான். அதை வைத்து யாரும் குளிசையை நிறுத்தக் கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் தெரிவு 'கஞ்சாநிகரி'. 'போன்றது' அதில் தப்பிவிடுகிறது. தாவரக் கஞ்சாநிகரி, அகக் கஞ்சாநிகரி, செயற்கைக் கஞ்சாநிகரி என்று பிரிக்கவும் வாய்ப்பு. தூய தமிழில்லையே என்று சண்டைக்கு வருவோர் கஞ்சாவுக்கு முதலில் ஒரு தமிழ்ப் பெயர் கொண்டுவரட்டும். நோயாளிக்கான துண்டுப்பிரசுரத்தில் மட்டும் கன்னபினொயிட்டு என்றே விடலாம். 'கஞ்சா' என்று கண்டதும் அடுத்த வரியை ஆர் வாசிக்கிறார்கள்?

மருந்துக்கும் போதைவஸ்துக்கும் ஆங்கிலத்தில் 'ட்ரக்' என்று ஒரே சொல். அதைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் 'இதயத்துக்கான போதைப்பொருள் ஆய்வு' என்று எழுதி அனுப்புகிறவர்களுக்கு எந்த அகராதி கொடுத்தும் பிரயோசனமில்லை.