சொல் விளக்கம்: ரேண்டம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் என் சித்தப்பா பாரம்பரிய நெல் விதை விற்கிறார். அவருக்காக ஓர் இணையப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பத்து ரகங்கள், பத்துக் குறிப்புகள். யார் எப்போது திறந்தாலும் அந்தப் பத்தில் ஏதாவது ஒன்று மேலே வந்து நிற்கும்: ஒருமுறை கருப்புக் கவுனி, மறுமுறை தூயமல்லி. கீழே ஒரு பொத்தான். அதில் பழக்க தோஷத்தில் 'ரேண்டம்' என்று எழுதிவிட்டேன். "தம்பி, நம்மிடம் ரேண்டம் என்று ஒரு ரகம் கிடையாதே" என்றார் சித்தப்பா. கிண்டல்தான். ஆனாலும் மாற்றுச் சொல் தேட உட்கார்ந்தேன். பக்கத்தை எழுதியதைவிட அதிக நேரம் அதற்குப் போனது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'ராந்திர்' என்றால் பாய்ந்தோடுதல். 'ராந்தோன்' அந்தப் பாய்ச்சலின் மூர்க்கம். ஆங்கிலத்திலும் முதலில் அதே பொருள்தான். 16-ஆம் நூற்றாண்டில் 'குறியில்லாமல், போகிற போக்கில்' என்று பொருள் இளகியது. எல்லாவற்றுக்கும் வாய்ப்பு உண்டு, எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்ற புள்ளியியல் பொருள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏறியது. ஆக, பிறப்பில் அது கடிவாளம் அறுத்த குதிரை. அந்தப் பழைய பொருளுக்கு நம்மிடம் அச்சு அசலான சொல் இருக்கிறது: தறிகெட்டு ஓடுதல். தறி என்பது கால்நடையைக் கட்டிவைக்கும் முளை. தேரழுந்தூர்க் கம்பன் வீட்டில் கவி பாடியதாகச் சொல்கிறார்களே, அதே கட்டுத்தறி. ஆனால் பொத்தானில் 'தறிகெட்டு ஒரு நெல்' என்று எழுத முடியாது.

பேச்சில் சட்டென்று வருவது 'எதேச்சை'. இதை நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். யதேச்சை என்ற வடசொல்லுக்கு 'விருப்பப்படி' என்று பொருள். அதனால்தான் தன் இஷ்டப்படி ஆள்வதை எதேச்சாதிகாரம் என்கிறோம். ரேண்டம் என்பதோ யாருடைய இஷ்டமும் உள்ளே வரக்கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு. டெல்டா விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பயிர்க் காப்பீட்டுக்கு மகசூல் கணக்கிடும்போது, எந்த வயலில் அறுத்துப் பார்ப்பது என்பதை ரேண்டம் எண்ணைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். அந்தச் சர்வே எண்ணில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். வயலை அதிகாரி யதேச்சையாகத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதினால், பழைய பொருள் தெரிந்தவர் சண்டைக்கு வருவார்.

'தற்செயல்' இன்னொரு வேட்பாளர். கும்பகோணம் பஸ் நிலையத்தில் பள்ளித் தோழனைப் பார்த்தால் அது தற்செயல். இணையப் பக்கத்தில் நெல் ரகம் மாறி மாறி வருவது திட்டமிட்டுச் செய்தது. 'சீரற்ற' என்று சிலர் எழுதுகிறார்கள். எதிலோ பழுது என்பது போல ஒலிக்கிறது. 'ஏனோதானோ' பற்றிப் பேசவே வேண்டாம்.

பாடப்புத்தகம் தரும் சொல் 'சமவாய்ப்பு'. சமவாய்ப்புச் சோதனை, சமவாய்ப்பு மாறி என்று தமிழ்நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். நல்ல சொல்தான், எல்லாருக்கும் சம வாய்ப்பு என்ற நியாயம் அதிலேயே இருக்கிறது. எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கங்கள், மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது வெற்று. ஒரு கட்டையை உருட்டினால் நான்கும் சமவாய்ப்பு. இரண்டையும் சேர்த்து உருட்டிக் கூட்டினால் சமம் போய்விடுகிறது: மொத்தம் 16 விதமாக விழலாம், அவற்றில் கூட்டுத்தொகை மூன்று வருவது நான்கு விதம், தாயம், அதாவது ஒன்று, வருவது இரண்டே விதம். தாயம் விழாமல் பாட்டிமார் படும் பாட்டுக்குக் காரணம் இதுதான். அந்தக் கூட்டுத்தொகையும் கணிதத்தில் ரேண்டம் மாறியே. வாய்ப்பு சமமாக இல்லாத ஒன்றைச் 'சமவாய்ப்பு மாறி' என்று அழைக்கும்போது சொல் தன் பொருளை மறந்துவிடுகிறது. இலங்கைத் தமிழர் 'எழுமாறு', 'எழுமாற்று' என்று எழுதுகிறார்கள். எழுகிறபடி எழட்டும் என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். சமம் என்று எந்த வாக்குறுதியும் தராத சொல். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ரேம் என்ற கணினி நினைவகத்தின் பெயரிலும் ஒரு ரேண்டம் உண்டு. அங்கே குலுக்கலும் இல்லை, வாய்ப்பும் இல்லை. வரிசைப்படி போகாமல் நினைத்த இடத்தை நேரே தொடலாம் என்பதே பொருள். அதற்கு வேறு சொல் வேண்டும், நமக்கு இங்கே வேலையில்லை.

இனிப் பக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். படிப்பவரின் உலாவி பக்கத்தைக் கேட்கிறது. பக்கத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரில் ஒரு சிறிய நிரல், என் விஷயத்தில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது, ஓர் எண்ணை எடுக்கிறது. அந்த எண்ணுக்குரிய குறிப்பைப் பட்டியலிலிருந்து உருவிப் பக்கத்தில் பொருத்தி அனுப்புகிறது. நான்கைந்து வரி வேலை. பத்து ரகங்களும் அந்த நிரலுக்குத் தெரியும். படிப்பவருக்கு வந்து சேர்வது ஒன்றுதான். வாரியம் என்ற ஊர்க்குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை நினைத்துக்கொண்டேன். அந்த ஊர் டெல்டாவில் இல்லை. ஆனால் கல்வெட்டின் காலத்தில் ஆண்ட முதலாம் பராந்தகன் தஞ்சைச் சோழன். 919-லும் 921-லும் வெட்டியவை அந்த விதிகள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடாதே! பிறகு உரக்கப் படிக்க வேண்டும். குடத்து ஓலை அதற்கும் பழையது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே கயிறு பிணித்த குழிசியிலிருந்து ஓலை எடுக்கும் ஆவண மாக்கள் வருகிறார்கள்.

கணினியில் அந்தச் சிறுவன் யார்? இங்கேதான் ஒரு சின்ன ஏமாற்று. சாதாரண ரேண்டம் செயற்கூறு, அதாவது எண் எடுத்துத் தரும் நிரல்துண்டு, எண்களைக் கணக்குப் போட்டுத்தான் தருகிறது. தொடங்குவதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். அதை ஆங்கிலத்திலும் விதை என்றே அழைக்கிறார்கள். சித்தப்பாவுக்கு அது மட்டும் மிகவும் பிடித்துப்போனது. ஒரே விதையைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் அதே எண்கள் முளைக்கும். பிஎச்பி பயன்படுத்தும் மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கை 1997-ல் மட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியர் உருவாக்கினார்கள். அதன் வரிசை திரும்பி வருவதற்குள் வெளிப்படும் எண்களின் எண்ணிக்கையை எழுதினாலே 6,002 இலக்கம் ஆகும். நெல் ரகம் காட்ட இது தாராளம். பணப் பரிசுக்குக் குலுக்குகிறவர் மட்டும் இதை நம்பக்கூடாது. எண்களைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்தால் அடுத்ததைக் கணித்துவிடலாம். அதற்காகவே 2015-ல் வெளிவந்த பிஎச்பி ஏழாம் பதிப்பு 'ரேண்டம் இன்ட்' என்ற தனிச் செயற்கூற்றைக் கொடுத்தது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். நிரலில் பட்டியல் பூச்சியத்திலிருந்து எண்ணப்படுகிறது. பத்து ரகங்களுக்கு 0 முதல் 9 வரை. நான் ஊர் வழக்கப்படி 1 முதல் 10 வரை கேட்டுவைத்தேன். பத்தில் ஒரு தடவை பக்கம் வெறுமையாக வந்தது. பட்டியலில் முதலில் இருந்த மாப்பிள்ளைச் சம்பா வரவே இல்லை. "மாப்பிள்ளை எங்கே?" என்று சித்தப்பா கேட்டபோதுதான் பார்த்தேன். தாயக்கட்டையின் வெற்றுப் பக்கத்தையும் கணக்கில் சேர்க்கும் ஊரில் பிறந்தவனுக்கு இது அவமானம்தான். அதைத் திருத்தியதும் மறுநாள் முழுக்க ஒரே ரகம் நின்றது. சர்வரில் இடம் வாடகைக்குத் தந்த நிறுவனம் வேகத்துக்காகப் பக்கத்தின் நகலைச் சேமித்து, அதையே எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. சிறுவன் காலையில் ஒருமுறை எடுத்த ஓலையை நாள் முழுக்கப் படித்த கதை.

இவ்வளவும் சரியான பிறகு சித்தப்பாவிடமிருந்து வந்த புகார்தான் என்னைச் சொல்லிடம் திரும்பக் கொண்டுவந்தது. "தூயமல்லி மூன்று தடவை வந்துவிட்டது, கெட்டுப்போய்விட்டதா?" கெடவில்லை. பத்துக் குறிப்புகளில் நான்கு தடவை எடுத்தால், ஏதோ ஒன்று திரும்ப வருவதற்குக் கிட்டத்தட்டப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு தடவையும் புதிதாக உருட்டும் தாயக்கட்டை அது. முன்பு என்ன விழுந்தது என்று கட்டைக்குத் தெரியாது. சித்தப்பா மனத்தில் இருந்தது குலுக்குச் சீட்டு. எங்கள் ஊர்ப் பக்கத்துக் குலுக்குச் சீட்டில் ஒரு மாதம் எடுத்தவரின் பெயர் அடுத்த மாதம் பாத்திரத்துக்குள் போகாது. உத்திரமேரூரிலும் முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று விதி இருந்தது. ஆங்கிலம் இரண்டையும் ரேண்டம் என்று ஒரே சாக்கில் கொட்டுகிறது. நம்மிடம் உருட்டல் வேறு, குலுக்கல் வேறு.

நிரலிலும் அவை வேறுதான். உருட்டலுக்கு ஓர் எண் போதும். குலுக்கலுக்குப் பட்டியல் முழுவதையும் ஒருமுறை கலைத்து, அந்த வரிசையைப் படிப்பவரின் உலாவியில் குக்கி என்ற சிறு குறிப்பாக வைத்து, தடவைக்கு ஒன்றாக உருவ வேண்டும். சர்வருக்கு யார் முன்பு வந்தார் என்ற ஞாபகம் தானாகக் கிடையாது; அந்த ஞாபகத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அப்படியே மாற்றி எழுதினேன். கணிதப் பாடத்தில் சமவாய்ப்பு இருக்கட்டும், எழுமாறும் வரட்டும். திரையில் ஒன்றை எடுத்துக் காட்டும் வேலைக்கு என் ஓட்டு குலுக்கலுக்கு. பொத்தானில் இப்போது 'குலுக்கு' என்று இருக்கிறது. சித்தப்பா பத்து தடவை தட்டி, விரல்விட்டு எண்ணி, பத்தும் வந்ததா என்று சரிபார்த்தார். மாப்பிள்ளைச் சம்பா எட்டாவதாக வந்தது.