சுவர் ஏன் உருகுகிறது? போடாமல் விட்ட ஒரு வகுத்தல் கணக்கு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எல்.எஸ்.டி: ட்ரீம் எமுலேட்டர் என்ற பழைய ஜப்பானிய கேமை யாரோ ஆடும் வீடியோ பார்த்தேன். நடக்க நடக்கச் சுவர் உருகுகிறது, தரை நெளிகிறது. எமுலேட்டர் (பழைய விளையாட்டுப் பெட்டி போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்) கோளாறு என்கிறான் என் அண்ணன். போதையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது போலக் காட்ட தனியாக ஏதாவது புரோகிராம் எழுதியிருப்பார்களா?"

அண்ணன் சொல்வதும் தப்பு, நீங்கள் நினைப்பதும் தப்பு. அந்த நெளிவுக்காக யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. போட்டிருக்க வேண்டிய ஒரு வகுத்தல் கணக்கை அந்த கேம் ஓடிய பிளேஸ்டேஷன் பெட்டி போடவில்லை, அவ்வளவுதான். விட்டுப்போன அந்த ஒரு கணக்கிலிருந்து இத்தனை விசித்திரம் எப்படி வந்தது என்பது எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கேமைப் பற்றி இரண்டு வார்த்தை. 1998 அக்டோபரில் ஜப்பானில் மட்டும் சோனியின் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. வெளியிட்டது அஸ்மிக் ஏஸ் நிறுவனம், உருவாக்கியவர் ஒசாமு சாட்டோ என்ற ஓவியர், இசைக்கலைஞரும்கூட. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஹிரோகோ நிஷிகாவா பல வருடங்களாக எழுதிவந்த கனவுக் குறிப்பேடுதான் இதற்கு அடிப்படை. துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது, ஜெயிக்க ஒன்றும் கிடையாது. உங்கள் கண் வழியாகவே உலகம் தெரியும், சும்மா நடக்கலாம். சுவரிலோ ஒரு பொருளிலோ மோதினால் வேறு ஏதோ ஓர் இடத்தில் போய் நிற்பீர்கள். அதிகபட்சம் 10 நிமிடத்தில் கனவு முடிந்துவிடும், அப்புறம் அடுத்த நாள். நாள் போகப் போக அதே தெருவுக்கு வேறு படங்களை ஒட்டிவிடுவார்கள், ஒரு கட்டத்தில் சுவரெல்லாம் கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்துகளாக இருக்கும். தெருவின் வடிவம் ஒரு கோப்பு, மேலே ஒட்டும் படம் இன்னொரு கோப்பு என்று தனித்தனியாக இருப்பதால் இது ரொம்ப மலிவான தந்திரம். ஒரே தெருவை வைத்துக்கொண்டு பல உலகம் காட்டலாம்.

சரி, இப்போது சுவர்.

தூரம் இரண்டு மடங்கானால் பொருள் பாதியாகத் தெரியும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். முப்பரிமாணப் படம் வரைகிற எந்த இயந்திரமும் செய்வது இதைத்தான்: ஒரு புள்ளி பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதை ஆழத்தால் வகுத்தால் திரையில் அதன் இடம் கிடைத்துவிடும். பொருள்களையெல்லாம் முக்கோணங்களாக உடைத்து, முக்கோணத்தின் மூலைகளை இப்படித் திரையில் போட்டு, நடுவில் ஒரு படத்தை ஒட்டுவார்கள். ஒட்டும் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். இந்த ஒட்டும் இடத்தில்தான் கதையே இருக்கிறது.

நீளமான ஒரு கூடத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வலது பக்கம், உங்களிடமிருந்து 1 மீட்டர் தள்ளி ஒரு சுவர் நேராகப் போகிறது. சுவரின் கிட்ட உள்ள விளிம்பு 1 மீட்டர் ஆழத்தில், கடைசி விளிம்பு 3 மீட்டர் ஆழத்தில். சுவரின் சரிபாதியில், அதாவது 2 மீட்டரில், ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. திரையில் கிட்ட உள்ள விளிம்பு எங்கே வரும்? 1ஐ 1ஆல் வகுத்தால் 1. கடைசி விளிம்பு? 1ஐ 3ஆல் வகுத்தால் சுமார் 0.33. கடிகாரம்? 1ஐ 2ஆல் வகுத்தால் 0.5. இப்போது பாருங்கள், 1க்கும் 0.33க்கும் சரியான நடு 0.67. கடிகாரமோ 0.5ல் இருக்கிறது. சுவரின் பாதியில் மாட்டிய கடிகாரம் திரையில் பாதியில் தெரியாது, கடைசி விளிம்பை நோக்கி முக்கால் பங்கு தள்ளிப் போய்த்தான் தெரியும். கிட்ட உள்ள பாதிச் சுவர் திரையில் முக்கால் இடத்தை அடைத்துக்கொள்கிறது, எட்ட உள்ள பாதி மிச்சக் காலில் ஒடுங்கிவிடுகிறது. தண்டவாளத்தின் நடுவே குறுக்குக் கட்டைகள் தூரம் போகப் போக நெருங்கித் தெரிவதும் இதே கணக்குத்தான்.

பிளேஸ்டேஷன் மூலைகளுக்கு மட்டும்தான் வகுக்கும். அதற்கென்றே ஒரு துணைச் சிப் உண்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பிக்சல்களுக்கு வகுத்தல் கிடையாது, படத்தைச் சம இடைவெளியில் நிரவி ஒட்டிவிடும். ஃப்ளெக்ஸ் பேனரை நான்கு மூலையிலும் பிடித்து இழுத்து ஒரு கோணலான சட்டத்தில் கட்டுவது போல. ஆழம் என்று ஒன்று இருப்பதே அந்தப் பேனருக்குத் தெரியாது. அதனால் முக்காலில் இருக்க வேண்டிய கடிகாரம் திரையில் பாதியில் வந்து உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்தால் உட்காரட்டும், ஒரே இடத்தில் இருந்துவிட்டுப் போனால் நாம் கவனிக்கக்கூட மாட்டோம். நடக்கும்போதுதான் வேடிக்கை. அதே சுவர் 10 மீட்டரில் தொடங்கி 12 மீட்டரில் முடிகிற தூரத்தில் இருந்து பார்த்தால், கடிகாரம் திரையில் 55 சதவீதத்தில் இருக்க வேண்டும், பிளேஸ்டேஷன் 50ல் காட்டும். பெரிய வித்தியாசமில்லை, கண்ணுக்கும் உறுத்தாது. கிட்டே போகப் போக சரியான இடம் 55லிருந்து மெல்ல நகர்ந்து 75 வரை போகிறது, பிளேஸ்டேஷன் கடிகாரமோ அந்த 50ஐ விட்டு அசைவதில்லை. ஆக நீங்கள் நெருங்க நெருங்க அது சுவரின் மேல் உங்களை நோக்கி வழுக்கிக்கொண்டு வருவதாகத் தெரியும். நீங்கள் பின்வாங்கினால் அதுவும் பின்வாங்கும். நீங்கள் வீடியோவில் பார்த்த "உருகுதல்" இதுதான்.

இதோடு முடியவில்லை. சுவர் நாற்கோணம், ஆனால் அந்தச் சிப்புக்கு முக்கோணம்தான் தெரியும். மூலைவிட்டத்தில் வெட்டி இரண்டு முக்கோணமாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று மூலைகளை மட்டும் பார்த்து நிரவுகிறது, பக்கத்து முக்கோணம் என்ன செய்கிறது என்று அதற்குக் கவலையில்லை. அதனால் சுவரில் நேராகப் போகும் ஒரு கோடு மூலைவிட்டத்தைத் தாண்டும் இடத்தில் பட்டென்று ஒடிந்து வேறு திசையில் போகும். ஓடு பதித்த தரை ரம்பம் மாதிரி மடிந்து மடிந்து தெரிவது இதனால்தான். முக்கோணங்களைச் சின்னச் சின்னதாக நறுக்கினால் இந்தக் குறை குறையும், பணமும் ஆளும் உள்ள நிறுவனங்கள் அப்படித்தான் சமாளித்தன. பெரிய பெரிய முக்கோணங்களால் கட்டிய உலகத்தில் நெளிவு முழு வீச்சில் தெரியும்.

இது ஏன் நமக்குத் தப்பாக மட்டும் தெரியாமல் கனவு மாதிரித் தெரிகிறது? ஜேம்ஸ் கிப்ஸன் என்ற உளவியலாளர் 1950 வாக்கில் சொன்ன ஒன்று இங்கே உதவுகிறது. ஒரு பரப்பு சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதை அதன் மேலுள்ள புள்ளிகளும் கோடுகளும் எவ்வளவு வேகமாக நெருங்குகின்றன என்பதை வைத்து நாம் கண்டுகொள்கிறோம் என்றார் அவர். பிளேஸ்டேஷன் சுவரின் வெளிக்கோடுகள் சுவர் உள்ளே தள்ளிப் போகிறது என்கின்றன. அதன் மேல் ஒட்டிய படமோ, எங்குமே நெருங்காமல், நான் உன் முகத்துக்கு நேரே நிற்கிறேன் என்கிறது. ஒரே சுவர் இரண்டு சாட்சி சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூளை ஒவ்வொரு நொடியும் சமரசம் செய்துகொண்டே இருக்க வேண்டியிருப்பதால்தான் சுவர் மூச்சு விடுவதாகத் தோன்றுகிறது என்பது என் கணிப்பு. உண்மையான போதைக் காட்சி வேறு ரகம். மெஸ்கலின் உட்கொண்டவர்கள் கண்டதை ஹைன்ரிஷ் க்ளூவர் 1920களில் வகைப்படுத்தினார்: சல்லடை, சிலந்திவலை, சுரங்கம், சுருள். அது பார்வைப் புறணியின், அதாவது மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியின், கட்டமைப்பிலிருந்து எழுவது என்று பின்னால் கணிதம் போட்டுக் காட்டினார்கள். அந்த இயந்திரத்துக்கும் இந்த இயந்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு வகுத்தலுக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? 320க்கு 240 திரை என்றால் 76,800 பிக்சல். நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 23 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு வகுத்தல். பிளேஸ்டேஷனின் மையச் சிப் நொடிக்குச் சுமார் 3.39 கோடி துடிப்பு, ஒரு வகுத்தலுக்கு 36 துடிப்பு பிடிக்கும். வேறு எந்த வேலையும் பார்க்காமல் வகுத்துக்கொண்டே இருந்தாலும் நொடிக்கு ஒன்பது லட்சத்துச் சொச்சம்தான் தேறும். பிக்சலை வரைவது தனி கிராபிக்ஸ் சிப் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் வகுக்கும் சுற்றை வைக்கச் சிலிக்கானில் இடம் வேண்டும், இடம் என்றால் காசு. 1994ல் ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு அந்தக் காசு கட்டுப்படியாகவில்லை.

மற்றவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்பது அழகான தனிக் கதை. 1993ல் வந்த டூம் கேமில் சுவரெல்லாம் செங்குத்து, தரையெல்லாம் கிடைமட்டம். அதனால் சுவரின் ஒரு நெடுவரிசை முழுக்க ஆழம் ஒன்றே, வரிசைக்கு ஒருமுறை வகுத்தால் போதும். அதற்கு விலை, தலையைத் தூக்கி மேலே பார்க்க முடியாது. 1996ல் வந்த க்வேக் கேம், 16 பிக்சலுக்கு ஒருமுறை மட்டும் வகுத்து நடுவில் நிரவியது, அந்த 16 பிக்சலை வரைந்துகொண்டிருக்கும்போதே கணினியின் பெண்டியம் சிப் அடுத்த வகுத்தலைப் பக்கத்தில் முடித்துவைத்துவிடும். அதே வருடம் வந்த நிண்டெண்டோ 64 என்ற விளையாட்டுப் பெட்டி வன்பொருளிலேயே சரியாக வகுத்தது. அதில் சுவர் அசையாது, ஆனால் டெக்ஸ்சருக்கான நினைவகம் 4 கிலோபைட்தான் என்பதால் பல கேம்களில் எல்லாம் மங்கலாகத் தெரியும்.

பிளேஸ்டேஷனில் இன்னும் சில விடுபடல்கள் உண்டு. மூலைகளின் இடத்தை முழு எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும், அரை பிக்சல் கால் பிக்சல் பேச்சே கிடையாது. மெதுவாக நகரும்போது ஒவ்வொரு மூலையும் தனக்குத் தோன்றிய நேரத்தில் அடுத்த பிக்சலுக்குத் தாவுவதால் சுவர் வெடவெடவென்று நடுங்கும். எது முன்னால் எது பின்னால் என்று பிக்சல் பிக்சலாகச் சரிபார்க்கும் வசதியும் இல்லை, முக்கோணங்களைத் தோராயமாக வரிசைப்படுத்தி எட்ட உள்ளதை முதலில் வரைவார்கள், வரிசை பிசகினால் நாற்காலிக்குப் பின்னால் இருக்க வேண்டியது முன்னால் எட்டிப் பார்க்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு பேய்க் கதைகளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இந்த கேமில் கோட்டும் தொப்பியும் போட்ட சாம்பல் நிற மனிதன் ஒருவன் வருவான், அவன் கிட்டே போனால் திரை மின்னும், பழைய கனவுகளை மறுபடி பார்க்கும் வசதி போய்விடும். அவனை வைத்து "சபிக்கப்பட்ட கேம்", "ஆடியவர் தூங்கவில்லை" என்றெல்லாம் வீடியோ போட்டுச் சம்பாதிக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது பயமுறுத்துவதால் இல்லை, பயத்துக்குப் பின்னால் இருக்கும் இவ்வளவு நல்ல கணக்கை மூடி மறைப்பதால். அமானுஷ்யம் என்று முத்திரை குத்தியதும் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது.

கணக்கு என்றதும் இன்னொன்று. முப்பரிமாணப் பரப்பின் மேல் படம் ஒட்டும் யோசனையை எட்வின் கேட்மல் 1974ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வில் கொடுத்தார். அந்தத் துறைக்குப் பணம் தந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை. வளைந்த பரப்பில் படம் ஒட்டி என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்கு யாராவது பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? நம் ஊரில் ஆராய்ச்சி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

இன்றைய நிலைமை தலைகீழ். இன்றைய கிராபிக்ஸ் சிப்புக்கு இந்த வகுத்தல் ஒரு பொருட்டே இல்லை, நாம் கேட்காமலே செய்துவிடும். ஆனால் ஒருவரோ இருவரோ சேர்ந்து கைக்காசில் உருவாக்கும் மனமயக்கக் கேம்களில் அதை வேண்டுமென்றே அணைக்கிறார்கள். ஷேடர் நிரலில் (எப்படி வரைய வேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் நிரல்) நோபெர்ஸ்பெக்டிவ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், வகுத்தல் நின்றுவிடும். மூலைகளின் இடத்தை முழு எண்ணாக்க இன்னொரு வரி. நடுக்கமும் நெளிவும் தயார். 2020ல் ஹாண்டட் பிஎஸ்1 என்ற பெயரில் இப்படிப்பட்ட குட்டிக் கேம்களின் தொகுப்பு ஒன்று இலவசமாகவே வந்தது. வேறு சிலர் அடுத்த படத்தை வரையும் முன் பழைய படத்தைத் துடைப்பதை விட்டுவிடுகிறார்கள், நகரும் எல்லாவற்றுக்கும் நிறநிறமாக வால் முளைக்கும். அதுவும் செய்யாமல் விட்டதால் கிடைப்பதுதான்.

அண்ணனுக்கு ஒரு சோதனை சொல்லிவிடுங்கள். இன்றைய பிளேஸ்டேஷன் எமுலேட்டர்கள் சிலவற்றில், டக்ஸ்டேஷன் ஒன்று, பிஜிஎக்ஸ்பி என்று ஓர் அமைப்பு உண்டு. அது மூலைகளின் ஆழத்தைத் தூக்கிப்போடாமல் வைத்துக்கொண்டு, அன்றைக்கு விட்டுப்போன வகுத்தலை இன்றைக்குப் போட்டுக் காட்டும். ஏதாவது ஒரு பழைய கேமில் நீளமான கூடத்துக்குப் போய் அதை அணைத்தும் போட்டும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். போட்டால் சுவர் பெரும்பாலும் அசையாமல் நிற்கும், அணைத்தால் நெளியும். எமுலேட்டர் அசல் பெட்டியை ஒழுங்காகப் பின்பற்றும்போதுதான் நெளிகிறது என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம். நிஷிகாவாவின் கனவுகளுக்குள் போகும்போது மட்டும் நான் அதை அணைத்தே வைப்பேன்.