ஜாமீன் என்பது யார்?

தலைப்பில் பிழை இல்லை. ஜாமீன் என்பது முதலில் ஓர் ஆளைக் குறித்த சொல். அரபியில் ‘ளாமின்’ என்றால் இன்னொருவருக்காகப் பொறுப்பேற்பவர். அது பாரசீகத்தில் ‘ஜாமின்’ ஆகி, வக்கீல், தாசில்தார் எல்லாம் வந்த அதே கச்சேரி (அந்தக் காலத்து அரசு அலுவலகம், நீதிமன்றம்) வழியில் தமிழுக்கும் வந்துவிட்டது. இந்தியில் ஆளுக்கு ஜாமின், வெளியே விடுவதற்கு ஜமானத் என்று தனித்தனிச் சொல் உண்டு. நாம் ஆளின் பெயரையே விடுவிப்புக்கும் வைத்துக்கொண்டோம், அப்புறம் ஆளைச் சொல்ல ‘ஜாமீன்தாரர்’ என்று வால் ஒட்டவேண்டி வந்தது. ஜமீன்தாரோடு இதற்கு உறவில்லை, அந்த ஜமீன் நிலம்.

இந்தக் கலப்பு வெறும் அகராதி விஷயம் என்றால் விட்டுவிடலாம், ஆனால் குழப்பம் வீடு வரை வருகிறது. போலீஸ் யாரையாவது சந்தேகத்தில் விசாரித்துவிட்டால் அந்த வீட்டில் முதலில் கேட்கும் கேள்வியே “ஜாமீன் எடுக்கணுமா?” என்பதுதான், கடலூர் ஆனாலும் புதுச்சேரி ஆனாலும். விசாரித்து அனுப்பிவிட்டால் எடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் கைதே ஆகவில்லை. அதற்காக வழக்கு முடிந்தது என்றும் அர்த்தமில்லை. மறுபடி கூப்பிடலாம், நோட்டீஸ் வரலாம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள பல குற்றங்களில் உடனே கைது செய்யாமல், ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதுதான் சட்டம் சொல்லும் வழி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து வக்கீல்கள் பழக்கத்தில் இன்னும் ‘41ஏ நோட்டீஸ்’ என்பார்கள், 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது பிரிவு 35(3). கூப்பிட்ட நாளில் போய்க்கொண்டிருந்தால், காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் விட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். இன்னொன்று, போலீஸ் எழுதிக்கொள்ளும் விசாரணை வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வெற்றுத்தாளில் போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, கைதே செய்துவிட்டார்கள் என்றால்? பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடக்கூடியது என்று சட்டம் வகைப்படுத்திய சின்னக் குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே விடுவார்கள், ‘ஸ்டேஷன் பெயில்’ என்பது அதைத்தான், அது உங்கள் உரிமை. இங்கேதான் பத்திரிகைகள் மேல் எனக்கு ஒரு கோபம். ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் வழக்கு’ என்று எழுதி வீட்டிலிருப்பவர்களை அலற வைக்கிறார்கள். அப்படி ஒட்டுமொத்தமாக வெளிவரவே முடியாத பிரிவு எதுவும் கிடையாது. உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் பார்த்துத் தீர்மானிக்கும், அவ்வளவுதான் பொருள். அந்தப் பிரிவுகளில் கைதாகி மறுவாரமே வெளியே வருகிறவர்களும் உண்டு.

தமிழில் ஜாமீனுக்குச் சொல் பிணை. பிணைத்தல் என்றால் கட்டுதல், சேர்த்து முடிதல். பிணைக்கைதியில் இருப்பதும் அதே வேர்தான். (இலக்கியத்தில் பெண்மானும் பிணைதான், அது இங்கே வேண்டாம்.) பிணை, பிணையாளர், முன்ஜாமீனுக்கு முன்பிணை, சொந்த ஜாமீனுக்குச் சொந்தப் பிணை என்று குழப்பமில்லாமல் பிரியும். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் பாருங்கள், பணம் கட்டினால் காசுப் பிணை, ஆள் பொறுப்பேற்றால் சரீரப் பிணை என்று எவ்வளவு இயல்பாக எழுதுகிறார்கள். நமக்கு மட்டும் பிணை என்றால் தீர்ப்பு நகல் வாசனை அடிக்கிறது. பெயில் என்ற ஆங்கிலச் சொல்லும் ஒப்படைத்தல் என்ற பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து போனதுதான், ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவரிடம் அதே எழுத்துகளைக் காட்டினால் ‘பாய்’ என்று படித்து, குத்தகைப் பத்திரம் என்பார்.

ஆளைக் குறித்த பழைய பொருள் நீதிமன்றத்தில் இன்னும் சாகவில்லை. “ஜாமீன் கிடைச்சிடுச்சு” என்று போன் வந்தாலும் கடலூர் கேப்பர் மலைச் சிறையிலிருந்தோ புதுச்சேரி காலாப்பட்டுச் சிறையிலிருந்தோ ஆள் அன்றே வந்துவிட மாட்டார். உத்தரவில் ‘பத்தாயிரம் ரூபாய், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன்’ என்று இருக்கும். அந்த இரண்டு பேர் நேரில் வந்து, பத்திரத்தில் போட்டோ ஒட்டி, இடது கட்டைவிரல் ரேகை வைத்து, ஆதார் நகலோ பேங்க் பாஸ்புக் நகலோ கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பணம் கட்டுவதில்லை, ஆள் ஆஜராகாமல் போனால் கட்டுகிறேன் என்ற உறுதிதான். வழக்கு புதுச்சேரியில், மாமன் மச்சான் எல்லாம் கடலூரில் என்பது நம் பக்கம் சர்வசாதாரணம். வெளியூர் ஜாமீன்தாரர் வேண்டாம் என்று தட்டிக் கழிப்பது சரியில்லை என்று 1978-லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் சொல்லிவிட்டார். அது ஒரு கொத்தனார் வழக்கு, ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்திருந்தார்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறுகிற ஜாமீன்தாரருக்கும் வழி உண்டு. நடுவரிடம் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம். அப்போது குற்றம்சாட்டப்பட்டவரை வரவழைத்து வேறு ஆள் கொண்டுவரச் சொல்வார்கள், கொண்டுவராவிட்டால் மறுபடி உள்ளே.